கழட்டிப் பூட்டு

"ஏங்கண்ணு, உசுரு வந்துச்சா?" ஹாலிலிருந்தே குரல் கொடுத்தார் ராமாமணி.

"இன்னும் இல்லம்மா." உதய் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தலைக்கு மேல் ஃபேன் ஓடியும் வியர்த்தது. டைனிங் டேபிளில் நெஞ்சு திறந்து, நரம்பெல்லாம் வெளியே தொங்க, அசைவில்லாமல் கிடந்தது அவன் உதிரிபாகங்கள் வாங்கித் தன் கையால் பூட்டிய கம்ப்யூட்டர்.

ஹாஸ்டலில் பாதிப் பேருக்குப் பூட்டிக் கொடுத்தவன் உதய். ஒன்றுகூட இப்படி மானத்தை வாங்கியதில்லை.

படிப்பு முடிந்ததும் ஆர்.எஸ்.புரத்தில் கம்ப்யூட்டர் பூட்டித் தரும் கடை போடுவேன் என்று அவன் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பீளமேட்டில் மோட்டார் பம்ப் கம்பெனி நடத்தும் அப்பா வரதராஜுலுவுக்கு அது குடும்பத்துக்கு வந்த கண்டமாகத் தெரிந்தது.

"ரெடிமேடா, அட்டைப் பெட்டியில ஜம்முன்னு விக்கறான். எவன் கண்ணு உங்கிட்ட வந்து உதிரி உதிரியா வாங்குவான்?"

"நாமளும் மோட்டாரைப் பூட்டித்தானுங்க நைனா விக்கறோம்?"

"அது விக்கறதுக்கு. வாங்கறதுன்னா ரெடிமேடுதான்."

இதற்கு மேல் வாதாட முடியாது என்பதால் பந்தயம் கட்டினார்கள். சனிக்கிழமை காலை பத்துக்கு ஆரம்பித்து நாலு மணிக்குள் உதயின் கம்ப்யூட்டர் ஓடிவிட்டால், கடைக்கு அட்வான்ஸ் அப்பா கொடுப்பார். ஓடாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவன் மோட்டார் கம்பெனியில்.

நாளையும் நேரத்தையும் குறித்தவர் வரதராஜுலுதான். வெள்ளிக்கிழமைப் பேப்பரைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஏதோ ஒரு மூலையில் விரல் வைத்துப் படித்துவிட்டுக் குறித்தார். ராசிபலன் பார்க்கிறார் என்று உதய் நினைத்துக்கொண்டான்.

இப்போது மூன்றாவது தடவையாக எல்லாவற்றையும் கழட்டினான். ரேமை எடுத்து ரப்பரால் தேய்த்தான். வயர்களைப் பிடுங்கிச் சொருகினான். ஸ்விட்சை அமுக்கினான். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது.

காப்பி டம்ளரோடு அந்தப் பக்கமாக நடை பயின்றார் வரதராஜுலு. "மோட்டாருன்னா பக்கவாட்டுல ஒரு தட்டுத் தட்டுனா ஓடிரும். இதையத் தட்டலாமா கண்ணு?"

"தொட்டுப்போடாதீங்க நைனா!"

"திருஷ்டிதான்" என்று எலுமிச்சம்பழத்தோடு எழுந்து வந்தார் ராமாமணி. பழத்தைக் கம்ப்யூட்டருக்குள் வைக்க இடம் தேடினார். உதய் கையைப் பிடித்துத் தடுத்ததும் மேலே வைத்துவிட்டு மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். சீரியல் தடைபடக் கூடாதென்று, கல்யாண நாள் பரிசாகப் பட்டுப்புடவையை வேண்டாமென்றுவிட்டு டிவிக்கு இன்வர்ட்டர் கனெக்‌ஷன் கேட்டு வாங்கியவர் அவர்.

"அரிசி காலையில இருந்து ஊறிக் கெடக்குது. நாலு மணிக்கு மேலதான் கிரைண்டரைப் போடோணும்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உதய் அம்மாவை நன்றியோடு பார்த்தான். தன் கவனம் கலையக் கூடாதென்று அம்மா மாவாட்டுவதைக்கூடத் தள்ளி வைத்திருக்கிறாரே!

நாலு மணி ஆகச் சற்றே நேரம் இருக்கையில், வரதராஜுலு காரிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பெனி பில்லிங்குக்கு வாங்கிய ரெடிமேட் கம்ப்யூட்டர். நேராக ஹாலுக்குப் போய், டிவி வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சொருகினார்.

"ஏனுங்க! மாமியாக்காரி விசத்தைக் கலக்கறாளுங்க, இப்பப் போயி…" என்ற ராமாமணி, கோபித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

வரதராஜுலு ஒரே விரலால் ஸ்விட்சை அமுக்கினார். டொய்ங் என்று சத்தம் வந்தது. திரையில் நீலவானமும் பச்சைமலையும் விரிந்தன.

"பாத்தியா? பெட்டியப் பிரிச்சோம், சொருகுனோம், ஓடுது. கழட்டுனமா? பூட்டுனமா?"

உதய் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அப்பாவின் காலடியில், ஒரு தோற்ற ராஜாவின் வாளைப் போல, வைத்தான்.

"தோத்துப்போட்டனுங்க நைனா. திங்கக்கெழமை கம்பெனிக்கு வாரேன்."

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

வரதராஜுலு உடனே மேனேஜர் பாலுசாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பாலுசாமி, தம்பி நம்ம கம்பெனிக்கே வர்றான். ஒரு டேபிள் போட்டுருங்க."

"நேத்தே போட்டாச்சுங்களே மொதலாளி! பேர்ப்பலகைகூட வந்துருச்சுங்க."

வரதராஜுலு இருமிக்கொண்டே போனை வைத்தார். என்ன ஒரு முன்யோசனை, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று உதய் மனதார வியந்தான்.

அப்போது டைனிங் டேபிளில் ஏதோ மினுங்கியது. செத்துக் கிடந்த கம்ப்யூட்டருக்குள் சிவப்பு, பச்சை, ஊதா என்று வரிசையாக விளக்குகள் எரிந்தன. உதய் ஓடிப்போய் ஸ்விட்சை அமுக்கினான். காற்றாடிகள் விர்ரென்று சுற்ற, மேலேயிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது.

சமையலறையில் கிரைண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அதற்கும் மேலே ராமாமணியின் உற்சாகக் குரல் கேட்டது.

"ஏனுங்க, நீங்க நேத்துச் சொன்னாப்பலயே நாலு மணிக்கு டாண்ணு கரண்டு வந்துருச்சுங்க!"