ஏழு கோழிகளும் ஒரு முதலையும்

நம்பினால் நம்புங்கள், ஓர் ஆற்றில் கணக்குத் தவறாத முதலை ஒன்று ஆட்களை அக்கரை சேர்த்து வந்தது. முதுகு ஆறு பேரைத்தான் தாங்கும். நடைக்கு எத்தனை பேர் என்பதை ஏறுகிறவர்களே முடிவு செய்யலாம். ஆனால் எல்லா நடையிலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். மிஞ்சுகிறவர் முதலைக்குக் கூலி.

ஒருநாள் ஏழு கோழிகள் வந்தன. இரண்டிரண்டாக நின்றாலும் ஒன்று மிஞ்சியது, மும்மூன்றாக நின்றாலும் ஒன்று மிஞ்சியது. நாலு நாலாக நின்றபோது மூன்று மிஞ்சவே, பதறிப்போய்க் கலைந்தன. எப்படி நின்றாலும் கடைசியில் மாட்டியவள் கால் ஊனமான செவலைக் கோழிதான்.

"என்மேல கோபப்படாதே தாயி. ஏழோட பிறவிக்குணம் அப்படி" என்று பல்லிளித்தது முதலை.

"அப்போ நடைக்கு ஒருத்தியா ஏத்து மாமா!" என்று கத்தினாள் செவலை.

முதலை முனகிக்கொண்டே ஆறு நடை போய்வந்தது. ஏழாவது நடையில், நட்டாற்றில் நின்று, முதுகிலிருந்த செவலையைத் திரும்பிப் பார்த்தது. "இப்பவும் நீ ஒருத்திதானே மிச்சம்?"

"ஒருத்திதான். ஆனா மிச்சமில்லை மாமா, முழு நடை."

முதலை வாயை மூடிக்கொண்டு நீந்தியது. அதன் வயிறு பசியில் உறுமி, அக்கரை வரைக்கும் செவலையின் காலடியில் அதிர்ந்துகொண்டே வந்தது.