பத்து வருஷம் தாங்குமா?

நீங்களே சொல்லுங்கள், ஈரலில் புற்றுக்கட்டி என்று வயிற்றைக் கீறி எடுத்து, உயிர் பிழைத்து வந்த மனுஷனிடம், "இன்னும் எத்தனை வருஷம் இருப்பீங்க?" என்று யாராவது வாய் கூசாமல் கேட்பார்களா?

கேத்தரின் கேட்டாள். அதுவும் பூசை முடிந்து தன் வீட்டுக்கு வந்தவரிடம், கோப்பியைக் கையில் கொடுத்த சூட்டோடு.

லாரன்ஸுக்குப் புரையேறியது.

"ஏய், சும்மா இருலா!" என்று பல்லைக் கடித்தான் அவள் புருஷன் பீட்டர். அவனும் லாரன்ஸும் பினாங்குத் துறைமுகத்தில் ஒரே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள்.

பக்கத்து வீட்டு ஜூலியானா கன்னத்தில் கை வைத்தாள். "அடிப்பாவி! சந்தையில மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரியில்ல கேக்கிறே! தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. சாஞ்சு உட்காருங்க."

ஆப்பரேஷன் ஆனதிலிருந்து எல்லாரும் அவரிடம் சொல்வது இதுதான். சாஞ்சு உட்காருங்க. கோயில் திருவிழா வேலைக்குக்கூட இந்த வருஷம் கூப்பிடவில்லை. பாவமாம்!

கேத்தரின் விடுவதாயில்லை. கைக்குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"டாக்டர் என்னதான் சொன்னார் அண்ணே?"

"முதல் ரெண்டு வருஷம்தான் பெரிய கண்டம்னார். அது தாண்டியாச்சு. கட்டி திரும்பி வந்தாலும் வரலாம், நான் பல்லு கொட்டிக் கிழவனாகிற வரைக்கும் வராமலும் போகலாம். அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டார்."

"பத்து வருஷம் தாங்குமா?"

"கேத்தரின்!" பீட்டர் எழுந்தே விட்டான்.

லாரன்ஸுக்கோ கோபமே வரவில்லை. இத்தனை நாளாக அடுத்த மாசத்தைப் பற்றிக்கூட அவரிடம் யாரும் பேசியதில்லை. இவள் பத்து வருஷத்துக்கு அல்லவா போய்விட்டாள்!

"தாங்கணும்னுதான் ஆசை தங்கச்சி. டாக்டரும் தாங்காதுன்னு சொல்லலை," என்று சிரித்தார்.

"அது போதும்." பிள்ளையை அவர் மடியில் போட்டாள். "ஆயுசு கெட்டியா இருக்கிறவரா ஞானத்தகப்பன் பாருன்னு இந்த அக்காதான் சொன்னாங்க. இவரும் உங்களை விட்டுட்டு ஊரெல்லாம் ஆள் தேடுறார். அண்ணே, வர்ற ஞாயிறு ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் இவனை ஏந்திக்கிட்டு நிக்கணும். பத்து வயசுல கோயில்ல முதன்முதலா நற்கருணை அப்பம் வாங்குற புதுநன்மை அன்னைக்கும், கையைப் பிடிச்சு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்!"