சைலன்சர் பட்ட பாடு

என்ஜினைப் பெரிதாக்கிக்கொண்டு ஊரே அதிர உறுமித் திரிந்தது ஒரு சிவப்புக் கார். அதன் பழைய சைலன்சர், கழற்றிப் போட்ட ஈர மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது.

வண்டிச் சோதனை வந்தால் மட்டும் கார் அதனிடம் வந்து குழையும். "அண்ணே, இன்னைக்கு மட்டும் என் சத்தத்தை அடக்கிக் கொடுங்க. இனிமே உங்களைப் பிரியவே மாட்டேன்."

ஒவ்வொரு முறையும் போலவே சைலன்சர் நம்பி, மறுபடி காரோடு பொருந்திக்கொண்டது. வயிறு வெந்துபோக அத்தனை உறுமலையும் விழுங்கியது. அதிகாரி தலையாட்டப்போன நேரத்தில் துருப்பிடித்த வயிறு பொத்துக்கொண்டது. சத்தம் வெடித்துக் கிளம்பியது. காரை ஓரங்கட்டி, ரோட்டில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் பக்கத்து லாரியிடம் அழுதது. "நான் அமைதியாத்தான் இருந்தேன். இந்தப் பயல் போட்ட சத்தத்துலதான் மாட்டிக்கிட்டேன்."

லாரி உச்சுக்கொட்டிவிட்டு சைலன்சரை முறைத்தது.

பதில் சொல்ல சைலன்சர் வாயைத் திறந்தது. வெளியே வந்ததென்னவோ காரின் உறுமல்தான்.