இரண்டாவது பெயர்

அந்த அறையில் இருந்தவர்கள் சிவக்கொழுந்தும் இறந்துபோன அவர் தம்பியின் மகள் இளவேனிலும். நிலைப்படிக்கு வெளியே தம்பி மனைவி மங்கையர்க்கரசி நின்றாள். கணவனின் அண்ணன் இருக்கும் அறைக்குள் அவள் கால் வைத்ததில்லை. அது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

தம்பியின் பழைய கணினியில் இளவேனில் லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். "இந்தக் கிழத்துக்கு வேற எதுவும் செரிக்காது பெரியப்பா" என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். கணினியின் வன்வட்டில் இருவருடைய கோப்புகள் இருக்கின்றன, வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று திரை கேட்டது. ஒன்று தம்பியின் பெயர். மற்றது கோமளவல்லி.

"யாரு பெரியப்பா இது?"

தம்பிக்கு வெளியே இருந்த அந்த உறவின் பெயர் பதினோரு வருடமாக வீட்டுக்குள் வராமல் காத்தவர் சிவக்கொழுந்து.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு ஏத்தும்மா."

"அப்பா போட்டோவும் போயிருமே. திறந்து பாத்துட்டு அழிக்கலாம்."

"இடம் பத்தாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்கு வாசல் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. பின்னால் புடவை உரசியது. மங்கையர்க்கரசி அவரைக் கடந்து வந்து திரையைப் படித்தாள். யார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்பது அதில்தான் அவருக்குப் புரிந்தது.

"அழிக்க எதை அமுக்கணும்?" என்றாள். மகள் தன்னையறியாமல் காட்டினாள். அவள் தடுப்பதற்குள் தாய் அமுக்கிவிட்டாள்.

தம்பியின் படங்களை அழித்தது சிவக்கொழுந்துதான் என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவர் அந்த விசைப்பலகையைத் தொடவேயில்லை.