மாடிக் குளியலறை

திருத்தணி மதராஸோடு சேர்ந்த வருஷம் அது. சித்தூரில் செங்கல்வராயன் வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் மாடியில் குடியிருந்த பெண், பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோனாள். புருஷன் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து கீழ்வீட்டுக் கூரை ஒழுகியது. மாடிக் குழாயை அறுத்து அடைத்தும் நிற்கவில்லை.

“தொட்டுப் பாருங்கய்யா, சுடுதண்ணி. மேல யாரோ குளிச்சிக்கினு கீறாங்க,” என்றாள் கீழே குடியிருந்த தாட்சாயணி.

தூங்கிய கைக்குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டு அவளும் செங்கல்வராயனோடு மாடியேறினாள். பூட்டைத் திறந்தார்கள். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது.

“ஒண்ணுமில்லியேம்மா,” என்றார்.

இறங்கி வந்தபோது ஒழுகல் நின்றிருந்தது. தாட்சாயணி தூளியை விலக்கினாள்.

“இன்னிக்கி நான் இவனுக்குத் தண்ணியே ஊத்தலியே,” என்றாள்.

குழந்தை ஈரத்தலையோடு, கன்னத்தில் மைப்பொட்டோடு, சாம்பிராணி மணக்கத் தூங்கிக்கொண்டிருந்தது.