சவரிராயனின் டெலிவிஷன் நிலையம்

1962-இல் ஸ்ரீரங்கம் ஏகாதசிக் கூட்டத்தை நம்பி, சவரிராயன் கொட்டகை போட்டு டெலிவிஷன் நிலையம் தொடங்கினார். பெட்டியின் கண்ணாடியில் அவர் மனைவி அமலராணி செய்தி வாசித்தாள். ஜனம் வாய் பிளந்து பார்த்தது.

நான்காம் நாள் ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"டில்லியிலகூட கருப்பு வெள்ளைதான்யா. இங்க அம்மாவோட கம்மல் கல்லு சிவப்பாத் தெரியுது. ஆனா லைசென்ஸ் இல்லாம காத்துல படம் அனுப்புனா ஜெயில்தான்."

"காத்துல அனுப்பலைங்க."

"கம்பியிலயா?"

"அதுவும் இல்லைங்க."

சவரிராயன் பெட்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே முக்காலியில் அமலராணி விசிறிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் திறந்தே வைங்க, வேகுது."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டு, முன்பக்கம் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கதவைச் சாத்துய்யா. செய்தி பாதியில நிக்குது."