எதிரில் இருப்பதே வினாத்தாள்

செவிலியர் படிப்புக்குத் தேர்வு மண்டபம் என்று இப்போது எதுவும் இல்லை. மாணவி நிற்கிற இடம்தான் மண்டபம், கண்ணெதிரே இருப்பதுதான் வினாத்தாள். பல்கலைக்கழகம் நினைத்த நேரத்தில் காதுக்கருவி வழியாகக் கேள்வி கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். செண்பகவல்லி சுவரோடு பேச ஆரம்பித்தால் பரீட்சை என்று வீட்டில் குக்கரைக்கூட அணைத்துவிடுவார்கள்.

நான்கு நாளாகத் தூக்கமில்லாமல் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே நின்றவளிடம் பல்கலைக்கழகம் கேட்டது.

"எதிரில் உள்ள நோயாளியின் நிலை என்ன?"

"வேற கேள்வி கேளுங்க."

"நாற்பது விநாடி."

கடைசிப் பருவம். ஏற்கெனவே இரண்டு கேள்விகளைத் தவறவிட்டிருந்தாள்; மூன்றாவதும் போனால் தோல்வி. சுவரைப் பார்த்து ஒப்பித்தாள்.

"கண்கள் மஞ்சள். வயிற்றில் நீர். கூப்பிட்டால் உணர்வில்லை. கல்லீரல் முழுவதும் செயலிழந்துவிட்டது. இரண்டு நாள் தாங்குவது கடினம்."

"சரியான விடை. முழு மதிப்பெண்."

திரும்பினாள். சத்தம் காட்டாமல், இளநீர் டம்ளரோடு அம்மா நின்றிருந்தாள். வெறும் காமாலைதான், மருந்து மயக்கத்தில் தூங்குகிறார் என்று நான்கு நாளாக அவளிடம் சொல்லிவந்தது செண்பகவல்லிதான்.

அம்மா டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"மார்க்கு போட்டுட்டாங்களா, தாயி?"